முதலில் வெட்டிப் பாருங்கள்

நான் இயற்பியல் ஆசிரியன். காளானைப் பற்றி எழுத இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. காளான் தானாக என்னைத் தேடி வந்தது. அதுவும் கைப்பேசி வழியாக.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து படம் வந்தது. அவன் வீடு நீலகிரியில். வீட்டுக்குப் பின்னால் ஒரு பைன் தோப்பு. அங்கே சருகைக் கிளறியபோது இரண்டு உருண்டைகள் அகப்பட்டனவாம். இரண்டும் எலுமிச்சம்பழ அளவு. ஒன்று மஞ்சள் கலந்த பழுப்பு, மற்றொன்று வெள்ளை. "சார், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியில் போட்டேன். ரெண்டுமே சாப்பிடற காளான்னு சொல்லுது. குழம்பு வைக்கலாமான்னு பாட்டி கேக்கறாங்க."

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தாவரவியல் துறை நண்பருக்குப் படத்தை அனுப்பினேன். அடுத்த நிமிடமே அவர் கூப்பிட்டார். "சார், பெயர் எல்லாம் அப்புறம். நடுவில் நெட்டுக்கு வெட்டச் சொல்லுங்க. வெட்டினதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் அடுப்பு வேண்டாம்."

வெட்டினான். படம் வந்தது. பழுப்பு உருண்டையின் உள்ளே, பன் ரொட்டியைப் பிய்த்தால் தெரிவதுபோல் நெருக்கமான சிறு சிறு பொந்துகள். வெள்ளை உருண்டையின் உள்ளே, யாரோ பென்சிலால் வரைந்ததுபோல ஒரு சின்னஞ்சிறு குடை: மேலே வளைந்த தொப்பி, கீழே காம்பு, சுற்றிலும் ஓர் உறை. அது உருண்டைக் காளானே அன்று. இன்னும் விரியாத குடைக்காளானின் குஞ்சு. உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பங்குக்குக் காரணமான அமானிடா என்னும் பேரினம் இப்படித்தான் முட்டை வடிவில் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தில் உண்ணத் தக்கனவும் உண்டு. ஆனால் முட்டைப் பருவத்தில் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வல்லவர்கள் மிகச் சிலரே. பாட்டி அன்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

செயலியை நான் குறை கூறவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்டது தோலின் படம் மட்டுமே. தோலைப் பார்த்துத் தோலைப் பற்றித்தான் சொல்ல முடியும். என் குறையெல்லாம் நம்மைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் அறிவியல் படித்த ஒரு நல்ல மாணவனுக்கு, வெட்டிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

பழுப்பு உருண்டையைக் கொஞ்ச நேரம் கையில் எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான். அதன் பேரினத்தின் பெயர் ரைசோபோகான். கிரேக்க மொழியில் ரைசா என்றால் வேர். போகோன் என்றால் தாடி. வேர்த்தாடி! 1817-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் எலியாஸ் ஃப்ரீஸின் ஏட்டில் அச்சேறிய பெயர் இது. உருண்டையை மண்ணிலிருந்து மெல்ல எடுத்தால் அதன் மேல் தோலோடு ஒட்டிப் படர்ந்த நூல்கள் தெரியும். தாடி என்பது இவற்றைத்தான். அவசரமாகப் பிடுங்கித் தண்ணீரில் கழுவினால் தாடி போய்விடும். அடையாளமும் அதோடு போய்விடும்.

இது ட்ரஃபிள் போன்ற காளான். ட்ரஃபிள் என்பது ஐரோப்பாவில் ஓக், ஹேசல் மரங்களின் வேரோடு சேர்ந்து மண்ணுக்கடியில் விளையும் காளான். பயிற்சி பெற்ற நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்ட, மனிதர்கள் அதைப் பெருவிலைக்கு விற்பார்கள். நமது வேர்த்தாடியும் மண்ணுக்கடியில் அல்லது பாதி புதைந்து கிடக்கும், கிழங்குபோல் இருக்கும். ஆனால் ட்ரஃபிளுக்கும் இதற்கும் உள்ள உறவு, வண்ணத்துப்பூச்சியின் சிறகுக்கும் வௌவாலின் சிறகுக்கும் உள்ள உறவுதான். வேலை ஒன்று, வடிவமும் ஏறத்தாழ ஒன்று. வந்த வழி வேறு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டத்தான் வேண்டும். உண்மையான ட்ரஃபிளின் சதை கெட்டியானது. கருமையான பரப்பில் வெளிர்க் கோடுகள் ஓட, மெருகேற்றிய பளிங்குபோல் இருக்கும். வேர்த்தாடியின் சதையில் கோடுகள் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணிய அறைகள், ஒழுங்கற்று, வழிமறந்த சந்துகள்போல் வளைந்து கிடக்கும். இளசில் வெண்மை, முதிர முதிர மஞ்சள், பிறகு ஆலிவ் பச்சை கலந்த பழுப்பு. இன்னும் முதிர்ந்தால் கொழகொழவென்று அழுகும். ஒருபோதும் பொடியாகாது.

பொடியாகாது என்பதைக் கவனியுங்கள். மண்ணுருண்டைக் காளான் என்று சொல்லத்தக்க ஸ்க்லெரோடெர்மா என்ற வேறொரு பேரினம் இருக்கிறது. அதுவும் மர வேரோடு சேர்ந்து வாழ்வது. வெளியிலிருந்து பார்த்தால் இதன் அண்ணன் தம்பிபோல் இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரும். அதை வெட்டினால் தடித்த தோல் தெரியும். உள்ளே வெண்மையான சதை விரைவில் கரு ஊதாவாகி, கடைசியில் கரும்பொடியாகிவிடும். ட்ரங்கோகாலுமெல்லா என்ற இன்னொன்று வட அமெரிக்காவில் டக்ளஸ் ஃபிர் மரங்களின் அடியில் வளர்கிறது. அதன் அறைகளும் வேர்த்தாடியின் அறைகளைப் போலவே இருக்கும். ஆனால் நெட்டுக்கு வெட்டினால் அடியிலிருந்து ஒரு கட்டையான தூண் மேல் நோக்கி எழுந்து கிளைத்திருக்கும். வேர்த்தாடிக்குத் தூண் கிடையாது. குறுக்கே வெட்டினால் இந்தத் தூண் ஒரு வெறும் புள்ளியாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அதனால்தான் நண்பர் 'நெட்டுக்கு' என்றார். எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதே ஒரு கேள்வி. திசையை மாற்றினால் விடையும் மாறும். இயற்பியல்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

மாணவன் அடுத்த வாரம் ஊரிலிருந்து இறங்கி வந்தபோது அரை உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டாராம்! சதையில் ஊசிமுனை அளவு கிள்ளி, ஒரு துளி நீரில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். நானூறு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவிதான்.

அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். நீள்வட்டமான, வழவழப்பான, ஏறக்குறைய நிறமற்ற ஸ்போர்கள் ஆயிரக்கணக்கில். நீளம் சுமார் 7 மைக்ரான்; அகலம் அதில் பாதிகூட இல்லை. ஒரு தலைமயிரின் தடிமனில் இவற்றைப் பத்துப் பன்னிரண்டு தலைமாடு கால்மாடாக அடுக்கலாம். ட்ரஃபிளின் ஸ்போர் இதைவிடப் பல மடங்கு பெரிது. முள்ளும் வலையுமாக அலங்காரம் செய்துகொண்டு, ஒரு பைக்குள் ஒன்று முதல் சில வரை அடைபட்டிருக்கும். வேர்த்தாடியின் ஸ்போர்களுக்குப் பை இல்லை. கதாயுதம் போன்ற செல்லின் தலையில் வெளிப்புறமாக முளைப்பவை அவை. நம் குடைக்காளான்களும் அப்படித்தான். ஆக, உருவத்தில் ட்ரஃிபிளாகத் தோன்றியது, பிறப்பில் குடைக்காளானின் சாதி என்று ஆயிற்று.

இங்கே என் பாடம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குடைக்காளான் தன் ஸ்போரைச் சும்மா உதிர்ப்பதில்லை, சுடுகிறது. ஸ்போரின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரளும். ஸ்போரின் பக்கவாட்டிலும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். துளி வளர்ந்து படலத்தைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு துளிகள் ஒன்றானால் மொத்தப் பரப்பு குறையும். பரப்பு இழுவிசையில் அடங்கியிருந்த ஆற்றல் விடுபடும். அந்த ஆற்றலில் ஸ்போர் எகிறிப் பாய்கிறது. அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு அளவில் இருக்கும்! ஆனால் காற்றின் தடையால் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் நின்று, பிறகு நேராகக் கீழே விழும். இரண்டு செதில்களுக்கு நடுவே அகப்படாமல் விழுவதற்கு அவ்வளவு தூரமே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவில் இதைப் பொறுமையாக ஆராய்ந்த புல்லர் என்பவரின் பெயரால் அந்தத் துளியைப் புல்லர் துளி என்கிறார்கள்.

இப்படிச் சுட வேண்டுமானால் துளி ஒரு பக்கமாக இருக்க வேண்டும். எனவே சுடப்படும் ஸ்போர் அதன் காம்பில் கோணலாக உட்கார்ந்திருக்கும்; உருவமும் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மண்ணுக்கடியில் மூடிய அறைக்குள் சுட்டு என்ன பயன்? வேர்த்தாடி அந்தத் துப்பாக்கியைத் தொலைத்துவிட்டது. அதன் ஸ்போர் இருபுறமும் சமச்சீராக இருப்பதற்கு இதுதான் காரணம். மைக்ராஸ்கோப்பில் அந்தச் சமச்சீரைப் பார்த்தபோது, ஒரு வடிவத்தைப் பார்க்கிறோமா, ஒரு வரலாற்றைப் பார்க்கிறோமா என்று எனக்குத் தோன்றியது.

சுடுவதை விட்ட பிறகு ஸ்போர் எப்படிப் பரவும்? அணிலும் எலியும் பரப்புகின்றன. முதிர்ந்த உருண்டையின் வாடை அவற்றை இழுக்கும், தோண்டித் தின்னும், ஸ்போர்கள் குடலில் சாகாமல் எச்சத்தோடு வேறிடம் போய்ச் சேரும். அமெரிக்காவின் ஓரிகன் காடுகளில் மேசர், ட்ராப்பே, நஸ்பாம் ஆகியோர் சிறு பிராணிகளின் வயிற்றைச் சோதித்து 1978-இல் இதை விரிவாக எழுதினார்கள். பேருந்துப் பயணியை விரட்டிய நாற்றம், உண்மையில் அணிலுக்கு எழுதிய அழைப்பிதழ்!

"இத்தனை பாடு எதற்கு சார்? மரபணுவைப் படித்தால் ஒரே நாளில் பெயர் தெரிந்துவிடுமே" என்று என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மரபணு ஆய்வு கண்ணால் காண முடியாததைக் காட்டியிருக்கிறது. 1989-இல் ப்ரன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நண்பர்களும் மைட்டோகாண்டிரியாவின் மரபுப்பொருளை ஒப்பிட்டு, வேர்த்தாடிக்கு மிக நெருங்கிய உறவு சுயில்லஸ் என்ற குடைக்காளான்தான் என்று காட்டினார்கள். சுயில்லஸ் பைன் மரத்தடியில் முளைக்கும், தலையில் பிசுபிசுப்பான தொப்பி உடையது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. வேறு சில காளான்கள் தோற்றத்தில் சுயில்லஸைப் போலவே இருந்தும், உறவில் வேர்த்தாடியைவிடத் தள்ளி நின்றன. உருவம் மிக விரைவில் மாறிவிடக்கூடியது என்பது அதன் பொருள். உருவத்தையே நம்பியவர்களுக்கு அது ஒரு குட்டு.

இன்னொரு குட்டும் உண்டு. கண்ணும் கத்தியும் பேரினம் வரை நம்மைக் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் தடுமாறும். டக்ளஸ் ஃபிர் வேரில் வாழும் வினிகலர், வெசிகுலோசஸ் என்னும் இரண்டு வேர்த்தாடிச் சிற்றினங்களை ஐயமறப் பிரிக்க மரபணுவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: மரபணுவின் எழுத்துகளை எதோடு ஒப்பிடுவாய்? ஏற்கனவே ஒருவர் பெயர் எழுதி வைத்த மாதிரியோடுதானே? அந்தப் பெயரைத் தவறாக எழுதியிருந்தால்? 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுச் சேமிப்புகளில் இருந்த காளான் மரபணு வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை தவறான பெயரில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் எடைக்கல் தவறென்றால் நிறுவை தவறுதான்.

மேலும், காய்ந்த காளானில் மரபணு தங்கும், வாசனை தங்காது. வெட்டியதும் சதை சிவந்ததா என்பது தங்காது. வேர்த்தாடியின் பல சிற்றினங்கள் நசுங்கினால் சிவக்கும், சில சிவக்கா. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு, இரும்பு சல்பேட்டில் ஒரு சொட்டு தோலில் வைத்தால் சிலவற்றில் நிறம் மாறும். இவற்றையெல்லாம் பறித்த அன்றே, பறித்தவர்தான் எழுதி வைக்க முடியும். மறுநாள் வரும் மேதையாலும் முடியாது. 1831-இல் மிலான் நகரில் மருத்துவர் விட்டாடினி ட்ரஃபிள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம். கண், மூக்கு, கத்தி, அன்றைய மைக்ராஸ்கோப், இவ்வளவுதான் அவரிடம் இருந்தவை. கறுப்பு ட்ரஃபிளுக்கு அவர் இட்ட பெயர் இன்றும் நிற்கிறது.

2017-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை காளான், பூஞ்சைச் சிற்றினங்கள் இருக்கலாம். பெயர் பெற்றவை ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். மீதிக்கெல்லாம் யார் வெட்டிப் பார்ப்பது?

பிளஸ் டூ படிக்கும்போது தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு நான் எப்படித் தயாரானேன் என்று சொல்கிறேன். வரிசையாகப் புட்டிகள் வைத்திருப்பார்கள். ஃபார்மலினில் ஊறிய மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும். மூடி உடைந்த புட்டி அகாரிகஸ். நூல் கட்டிய புட்டி பாலிபோரஸ். மூத்த மாணவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கினேன். புட்டிக்குள் இருந்ததை நான் ஒருநாளும் பார்க்கவே இல்லை! இன்றைய செயலி அந்த உடைந்த மூடியின் பேரன்தான். பெயர் கையில் கிடைத்துவிடுகிறது. பொருளைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது.

ஆகவே என் யோசனை ஒன்று. செய்முறைத் தேர்வில் பெயருக்கு ஒரு மதிப்பெண் போதும். பார்த்து எழுதியதற்கு நான்கு கொடுங்கள். அளவு என்ன, எதனால் அளந்தாய், வெட்டிய முகம் எப்படி இருந்தது, ஐந்து நிமிடம் கழித்து நிறம் என்ன ஆயிற்று, எந்த மரத்தடியில் கிடந்தது. பெயர் தவறாகவே இருக்கட்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால், பெயரை வேறொருவர் பிறகு திருத்திக்கொள்வார். பெயர் சரியாக இருந்து இவை இல்லாவிட்டால் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. மைக்ராஸ்கோப்புக்குப் பணம் எங்கே என்பார்கள். பள்ளிக்கு ஒன்று இருந்தால்கூட முறைவைத்துப் பார்க்கலாம். கத்திக்கும் அளவுகோலுக்கும் கைலென்சுக்கும் பெரிய செலவில்லை.

மரத்தைக் குறிப்பது ஏன் முக்கியம் என்று ஒரு வார்த்தை. வேர்த்தாடி தனியாக வாழாது. அதன் இழைகள் பெரும்பாலும் பைன் குடும்ப மரங்களின் வேர்நுனியைப் போர்த்திக்கொண்டு, மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரசையும் தேடிக் கொடுத்து, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பைன் மரம் இயற்கையாக இல்லாத தென்பாதி நாடுகளில் பைனை நட்டபோது, நாற்றுகள் மஞ்சளாகி நின்றன. பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே வளர்ந்தன. மண்ணோடு வந்தவை இந்தக் காளான்கள். நம் நீலகிரிப் பைனும் வெளியிலிருந்து வந்ததே. பைனஸ் பட்டுலா மெக்சிகோ மரம். அதன் வேரில் ரைசோபோகான் லூட்டியோலஸ் அமைக்கும் உறையைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 1993-இல் நுணுக்கமாக விவரித்திருக்கிறது. என் மாணவனின் வீட்டுக் கொல்லையில் கிடந்த உருண்டை கடல் கடந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தது!

ஜப்பானில் இதன் ஓர் இனத்தை, பைனின் பனித்துளி என்று பொருள்படும் ஷோரோ என்ற பெயரில் விரும்பி உண்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னதற்காக யாரும் தின்றுபார்க்க வேண்டாம். அவர்கள் தலைமுறைகளாகத் தங்கள் காட்டை அறிந்தவர்கள். நீங்கள் அறிய வேண்டியது: நாக்கு அடையாளம் காணும் கருவி அன்று, காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது, கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாணவனிடம் இன்னொரு உருண்டை கிடைத்தால் எழுதி அனுப்பு என்று சொல்லியிருந்தேன். போன வாரம் கடிதம் வந்தது. நீளம் 31 மில்லிமீட்டர், அகலம் 26. வெட்டு முகம் வெளிர் மஞ்சள். நான்கு நிமிடத்தில் ஓரம் சிவந்தது. தூண் இல்லை. நூல்கள் அடிப்பக்கம் அதிகம். ஒரு படமும் வரைந்திருந்தான். பாட்டியின் மூக்குக்கண்ணாடியை லென்சாகப் பயன்படுத்தினானாம். எந்த மரத்தடியில் என்று மட்டும் எழுதவில்லை. கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன்.